காட்டுக்குள் போன பொருட்களின் பட்டியல்

1

நான் மலாக்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த நாளில், காலை ஒன்பது மணிக்கு, அலோர் காஜாவில் ஓர் அரசு அலுவலகத்தில் நாற்பத்தேழாம் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்கு டைரியில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். என் எடை, ரத்த அழுத்தம், அந்த வருடம் ஊருக்குப் போன முறைகள், மகளின் உயரம். அவள் வளர்வது நின்றபின் கடைசி வரி நின்றுவிட்டது. இந்த வருடப் பக்கத்தைக் காத்திருந்த நேரத்தில் அங்கேயே எழுதினேன். முதல் வரி: "காட்டில் ஓர் இரவு தங்குவதற்கு அனுமதி கேட்டு வந்திருக்கிறேன்."

எங்கள் ஊர் ராசிபுரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கொல்லிமலைக்குப் போக நாம் யாரிடமும் சீட்டு வாங்கியதில்லை. வேண்டுதல் இருந்தால் போவோம், இல்லையென்றால் போகமாட்டோம். பொழுதுபோக்குக்காக மலையில் போய்ப் படுப்பது என்ற எண்ணமே என் அப்பாவுக்குப் புரிந்திருக்காது. இங்கே அது ஒரு படிப்பு. என் மகள் தர்ஷினி, இருபது வயது, மலாக்கா நகரத்தில் ஒரு கல்லூரியில் சுற்றுலாத் துறை படிக்கிறாள். மலை வழிகாட்டி உரிமம் வாங்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். அதற்கு விண்ணப்பிக்குமுன் மூன்று முறை குழுத்தலைவியாக ஆட்களை அழைத்துப்போய்த் திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்டை விட்டு வெளியேறும்போது வனக்காவலர் ஒரு படிவத்தில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். குறை எழுதப்பட்டால் அந்தப் பயணம் கணக்கில் வராது. அவள் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு அவள் எங்களைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஏன் எங்களை?" என்று கேட்டேன்.

"கூப்ட்டா வர்றவங்க நீங்கதான் ப்பா. ரெண்டு பேரத் தவிர ஃப்ரெண்ட்ஸ்லாம் பிஸி லா."

படிவத்தில் என் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள்: குடிமகன், அந்நியர். நான் நிரந்தரவாசி, சிவப்பு அடையாள அட்டைக்காரன். என் மனைவிக்கும் மகளுக்கும் குடிமக்களுக்கான நீல அட்டை. கவுண்டரில் இருந்த இளம்பெண் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தாள். "பாக்சிக், ரெண்டுலயும் போடாதீங்க, பக்கத்துல எழுதுங்க" என்றாள் மலாயில். பாக்சிக் என்றால் மாமா. பக்கத்தில் எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக நான் பெரும்பாலும் பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து அழகாக இருப்பதாக அவள் பாராட்டினாள்.

2

எங்கே போனோம் என்பதைப் பெயர் சொல்லி எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களை யாரும் அடையாளம் காண வேண்டியதில்லை. ஜாசின் தாண்டி, ஜொகூர் எல்லையை ஒட்டிய ஒரு வனக் காப்பகம். செம்பனை என்று இங்கே சொல்லும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர் மண் சாலையில் போனால் ஒரு கம்பிக் கதவும் காவலர் அறையும் வரும். அங்கிருந்து மூன்றரை மணி நேரம் ஏறினால் ஓடைக்கரையில் கூடாரம் போட ஒரு சமதரை. பாதை முழுக்க வேர்களும் பாறைகளும். பாதி தூரத்தில் ஓடையை ஒருமுறை கடக்க வேண்டும்.

அந்தக் காப்பகத்தில் ஒரு விதி உண்டு. உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிஸ்கட் உறை எத்தனை, பேட்டரி எத்தனை, தீப்பெட்டி எத்தனை என்று. திரும்பும்போது காவலர் பட்டியலைப் பார்த்து எண்ணுவார். சாப்பிட்டது போகலாம், உறை திரும்பி வர வேண்டும்.

இந்த விதியைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் மேற்பார்வையாளன். இருபத்திரண்டு வருடமாக எண்ணுவதுதான் என் வேலை. மகளின் உலகத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்ததே என்று நினைத்தேன். அவள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறவள். நண்பர்களோடு மலாயும் ஆங்கிலமும், அம்மாவோடு இந்த ஊர்த் தமிழ். என்னோடு பேசும்போது மட்டும் ஒரு நொடி நிறுத்தி, நான் புரிந்துகொள்ளும் சொல்லைத் தேடுவாள். அந்த ஒரு நொடி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நீண்டுகொண்டே வந்தது. பட்டியல் போட ஆரம்பித்த பிறகு அது குறைந்தது. தார்ப்பாய், கயிறு, காஸ் அடுப்பு இவற்றைப் பற்றிப் பேச ஒருவரையொருவர் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திட்டமிட்டோம். மொத்தம் ஆறு பேர். நான், என் மனைவி விமலா, தர்ஷினி, அவளோடு படிக்கும் மெய் லிங், அய்னா, பிறகு சுங்கை ரம்பாயில் இருக்கும் விமலாவின் தம்பி குமரன். குமரன் லாரி ஓட்டுகிறவன், எதையும் தூக்குவான், எங்கேயும் தூங்குவான்.

"மச்சான், கரண்டி கூட எழுதணுமா?"

"எழுதணும்."

"என் பல்லையும் எழுதிக்கங்க. ரெண்டு பொய்ப்பல்லு."

"மாமா, அதையும் எழுதத்தான் வேணும். மேல விழுந்துச்சுன்னா யாரு தேடறது?" என்றாள் தர்ஷினி, சிரிக்காமல். அதை எழுதவில்லை. மற்றபடி நூற்றுப் பதினெட்டு வரிகள் வந்தன. அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலம் ஆறு, உப்பு தீர்ந்தால் பொட்டலத் தாள் ஆறு. டம்ளர் ஆறு.

3

மூன்றாவது ஞாயிறு விமலா அடுக்களையிலிருந்து வந்து மேசை அருகே நின்றாள்.

அவள் பிறந்தது அந்தக் காப்பகத்தின் ஓரத்தில் இருந்த தோட்டத்தில். இப்போது அங்கே தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இல்லை, ஆட்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள், நிலம் முழுக்கச் செம்பனை. ஆனால் காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஏறினால் வரும் பெரிய பாறையடியில் அந்தத் தோட்டத்து முனியாண்டி இருக்கிறார். விறகுக்கும் பிரம்புக்கும் போனவர்கள் அவரைத் தாண்டித்தான் போவார்கள். முதல் தடவையாக ஆட்களை அழைத்துக்கொண்டு உள்ளே போகிறவருக்காகப் புது டம்ளரில் பால் வைக்க வேண்டும். வைத்த டம்ளரைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்ததுபோல.

"நம்ம புள்ளதானே இந்தத் தடவ தலைவி. பால் வைக்காம போகக் கூடாது" என்றாள்.

தர்ஷினி பேனாவைக் கீழே வைத்தாள். "ம்மா, அங்க எதையும் விட்டுட்டு வர முடியாது. சுருட்டுத் துண்டு கூட."

"நம்ம முனி பால் முனி. சுருட்டுலாம் கேக்க மாட்டாரு."

"டம்ளர்?"

"டம்ளர் அவருக்கு."

"அது குப்பை ம்மா. அவங்க கணக்குல அது குப்பை."

அந்தச் சொல் அடுக்களை வரைக்கும் போய்த் திரும்பியதுபோல் இருந்தது. விமலா என்னைப் பார்த்தாள். நான் பட்டியலைப் பார்த்தேன். எனக்கு அந்த முனியைத் தெரியாது. எங்கள் ஊரில் முனியப்பன் ஏரிக்கரையில் ஆளுயரத்துக்கு மீசையோடு உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கிடாதான். பால் குடிக்கிற முனியை நான் கேள்விப்பட்டதே இங்கே வந்துதான். இதில் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"ஏங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"பாலை இலையில ஊத்திடலாமே" என்றேன்.

"கேன் லா. இலை ஓகே" என்றாள் தர்ஷினி.

"சரி" என்றாள் விமலா.

அவளுடைய "சரி" எப்போதும் சம்மதம் அல்ல என்பது எனக்குத் தெரியும். பேச்சு முடிந்தது என்பதற்கும் அவள் அதே சொல்லைத்தான் சொல்வாள். இது எந்தச் சரி என்று நான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வரி பேட்டரிகள் என்பதால் அதற்குப் போய்விட்டேன்.

4

போன நாள் சனிக்கிழமை. காலை ஏழரைக்குக் காவலர் அறை. காவலர் அறுபதை நெருங்கும் மலாய்க்காரர், மெலிந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். தரையில் நீலப் பாய் விரித்து எல்லாப் பைகளையும் அதன்மேல் கொட்டச் சொன்னார். என் பட்டியலை ஒருமுறை முழுதும் படித்துவிட்டு, "இதுபோல யாரும் கொண்டுவந்ததில்லை" என்றார். தர்ஷினி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அந்தக் காலைக்கு எனக்கு அது போதும்.

ஐம்பத்திரண்டாவது வரியில் அவர் நின்றார்.

"கோப்பை ஆறில்லை. ஏழு."

எண்ணிப் பார்த்தேன். ஏழு. ஒன்று புத்தம் புது எவர்சில்வர் டம்ளர், கடை ஸ்டிக்கரின் பிசின் இன்னும் போகவில்லை.

"ஒண்ணு எக்ஸ்ட்ரா. யாருக்காச்சும் தேவப்படும்" என்றாள் விமலா, யாரையும் பார்க்காமல்.

காவலர் ஆறை அடித்து ஏழு என்று எழுதினார். தர்ஷினி மெய் லிங்கின் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். எனக்கு வந்த முதல் வருத்தம் என் பட்டியலில் அடித்தல் விழுந்துவிட்டதே என்பதுதான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

5

ஏற்றத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தர்ஷினி முன்னால் நடந்தாள், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். நான் மூச்சு வாங்கியபோது என் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலைக் கேட்காமலே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பாறையடியில் விமலா செருப்புக் கழற்றுவதுபோல மலையேறும் சப்பாத்தைக் கழற்றி, வாழை இலைத் துண்டில் பால் ஊற்றிக் கும்பிட்டாள். எல்லோரும் சற்றுத் தள்ளி நின்றோம். நான்கு நிமிடம். பிறகு நடந்தோம்.

கூடாரம் போடும் இடத்தில் தர்ஷினி என்னை விடச் சரியாகக் கயிறு கட்டினாள். தண்ணீர் கொதித்தது. அய்னா கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கை, எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். மகள் ஐந்து பேருக்கு உத்தரவு கொடுப்பதையும், அந்த ஐந்து பேரில் நானும் ஒருவனாகக் கீழ்ப்படிவதையும் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கீழ்ப்படிவது சுலபமாகவே இருந்தது.

6

மறுநாள் மதியம் ஒன்று இருபதுக்குக் காவலர் அறைக்கு வந்தோம். நீலப் பாய், பைகள், என் பட்டியல். காவலர் பேனா முனையால் ஒவ்வொரு வரியையும் தொட்டு எண்ணினார். உப்புத் தாள் ஆறு. பேட்டரி எட்டு. கோப்பை ஆறு.

"இன்னொன்று?"

 விமலா குனிந்து சப்பாத்தின் சேற்றைத் துடைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இலையில் பால் ஊற்றியது எங்களுக்காக. டம்ளரைப் பாறைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

குமரன் மெதுவாக வெளியே போனான். எங்கள் கார், இந்த ஊர்ப் பேச்சில் காடி, நிற்கும் இடம் இருபது அடிதான். திரும்பி வந்தவன் என் பின்னால் நின்று என் கையில் எதையோ திணித்தான். எவர்சில்வர் டம்ளர்.

"காடில கிடந்தது. வைங்க மச்சான். ஏழு ஆச்சா இல்லையா?" என்றான் காதோரம்.

நான் அதைப் பாயில் வைத்தேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். தொழிற்சாலையில், குறைந்த பொருளுக்கு வேறு அலமாரியிலிருந்து எடுத்து வைத்து எண்ணிக்கையைச் சரிசெய்த ஒருவருக்கு நானே எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது படிவத்தில் குறை எழுதுவதற்கு இருந்த அந்தக் காலி இடம் மட்டும்தான். ஒரு டம்ளருக்காக அவள் ஒரு பருவம் இழக்கக் கூடாது.

"ஏழு" என்று சொல்லி காவலர் அடுத்த வரிக்குப் போனார்.

தர்ஷினி குனிந்து அந்த டம்ளரை எடுத்தாள். அடியில் காய்ந்த கோப்பிக் கறை இருந்தது. அதைப் பார்த்தாள், குமரனைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இது மேல போகல" என்றாள் என்னிடம், தமிழில். பிறகு காவலர் பக்கம் திரும்பி மலாயில் நிதானமாகச் சொன்னாள்: இது எங்கள் காடியில் இருந்த கோப்பை. எங்களுடையது ஒன்று மேலே பாறையடியில் இருக்கிறது. எங்கள் சாமிக்கு வைத்தது. நான் தலைவி, நான் பார்த்திருக்க வேண்டும்.

காவலர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, கதவு ஐந்து மணிக்குப் பூட்டப்படும், அதற்குள் அந்தக் கோப்பை இந்தப் பாய்க்கு வந்தால் படிவத்தில் குறை இருக்காது, வராவிட்டால் எழுதியாக வேண்டும் என்றார். தனியாக யாரும் ஏறக் கூடாது, இரண்டு பேராவது போக வேண்டும்.

"நான் ஓடிட்டு வரேன் லா" என்றான் குமரன்.

"மாமா, நீங்க ஒக்காருங்க."

"நான் வரேன்" என்று எழுந்தாள் விமலா. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. இறங்கும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்திருந்தாள்.

"ம்மா, முடியுமா? இன்னொரு தடவ ஏறணும்."

"நான் வச்சது. கேட்டு எடுக்கறதுன்னா நான்தான் கேக்கணும். நீ எடுத்தா தப்பாயிரும்."

"ஏன் ம்மா வச்சீங்க? சரின்னு சொன்னீங்கதானே?"

"ஒனக்குத்தான்டி வச்சேன்."

தர்ஷினி மண்டியிட்டு அம்மாவின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். "மெதுவா போலாம். டைம் இருக்கு." இரண்டு பேரும் கதவைத் தாண்டிப் போனபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து.

நாங்கள் நான்கு பேர் காத்திருந்தோம். அய்னா காவலர் அறையின் பின்பக்கம் தொழுதுவிட்டு வந்தாள். மெய் லிங் தன் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள், அங்கே இணைப்புக் கிடையாது. மூன்றேகாலுக்கு மழை பிடித்தது. காவலர் இரண்டு முறை வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தார். பாறை ஓடைக்கு இந்தப் பக்கம்தான், தண்ணீரைக் கடக்க வேண்டியதில்லை என்று நான் எனக்கே மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் மச்சான்" என்றான் குமரன்.

"தெரியும். நானும்தான்."

"அவ ஒங்களப் பாத்தா பாருங்க ஒரு பார்வ. நானா இருந்தா ஜொகூருக்கே ஓடிருப்பேன்."

நான் சிரிக்க முயன்றேன். மணி நான்கு பத்து. காவலர் மேசையில் படிவம் திறந்தே கிடந்தது, குறை எழுதும் இடம் காலியாக. அதன்மேல் பேனா.

நான்கு முப்பத்தெட்டுக்கு இரண்டு பேரும் திருப்பத்தில் தெரிந்தார்கள். விமலா மகளின் பைவாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் மழையில் முழுக்க நனைந்திருந்தார்கள். பேசிக்கொண்டே வந்தார்கள், எதைப் பற்றி என்று கேட்கும் தூரத்தில் நான் இல்லை. டம்ளர் விமலாவின் கையில் இருந்தது. அவளே அதைப் பாயில் வைத்தாள். காவலர் அதை மட்டும் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து நூற்றுப் பதினெட்டாவது வரி வரை எல்லாவற்றையும் மறுபடி எண்ணினார். நான்கு ஐம்பத்தாறுக்குக் கையெழுத்திட்டார். குறை எதுவும் இல்லை.

அந்த டம்ளர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே ரோஜாத் தொட்டியில் விமலா அதைப் புதைத்து வைத்திருக்கிறாள். மேலே என்ன நடந்தது என்று கேட்டேன். "கேட்டேன், குடுத்தாரு" என்றாள். தர்ஷினி அங்கே யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றாளாம்.

7

காடியில் திரும்பும்போது நான் வைத்த டம்ளரைப் பற்றி மகள் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல உப்பைக் கேட்டாள், கொடுத்தேன். புதன்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்தபின் பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது: "ப்பா, அடுத்த ட்ரிப் லிஸ்ட் நான் போடறேன். ஃபைல் வேணும்."

காரணம் கேட்கவில்லை. ஃபைலை எடுத்துப்போய் அவள் மேசையில் வைத்தேன். "தேங்க்ஸ் ப்பா" என்றாள், திரும்பிப் பார்த்து. சொல்லைத் தேடும் அந்த ஒரு நொடி இப்போது இல்லை. ஆனால் அதற்காக நான் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை.

இன்று காலை புதிய பட்டியல் வந்தது. நூற்றுப் பதினோரு வரிகள். உணவு என்ற தலைப்பில் கடைசியாக "பால், ஒரு பொட்டலம். வாழை இலை, ஒன்று, திரும்பி வரும்" என்று இருந்தது. அதற்கு நேரே விமலாவின் கையெழுத்து. பட்டியலின் அடியில் "சரிபார்த்தவர்" என்ற இடத்திலும் விமலாவின் கையெழுத்துதான். என் பெயர் சுமை தூக்குகிறவர்கள் பகுதியில் குமரனுக்குக் கீழே இருந்தது. தார்ப்பாய் ஒன்று, கயிறு இரண்டு.

போன பயணத்தில் நனைந்த தார்ப்பாய் இன்னும் மடித்தபடியே கிடந்தது. அதை எடுத்து விரித்து, இரண்டு கயிறுகளையும் கொடியில் போட்டு, வெயிலில் காய வைத்தேன்.